தம்பியின் ரிமோட்டுக்கு ஒரு அப்டேட்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை அம்மா சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ரயில் தாமதமானால் தண்டவாளத்தை முறைப்பேன். பால் சீக்கிரம் காயட்டும் என்று தீயைக் கூட்டி வைத்துவிட்டு, அப்புறம் பொங்கி வழிந்த பாலைத் திட்டிக்கொண்டே அடுப்பைத் துடைப்பேன். இப்பேர்ப்பட்ட என் தலையில்தான் தம்பியின் ரிமோட்டுக்கு அப்டேட் போடும் வேலை வந்து விழுந்தது.

தம்பி விசைப்படகில் டிரைவராக இருந்தவன். படகை ஓட்டிக்கொண்டு போய், எந்த இடத்தில் வலை போடுவது என்று முடிவு செய்கிறவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு நாள் வலை இழுக்கும்போது கயிறு அறுந்து அடித்தது. மீன் கொட்டும் அறைக்குள் தலைகுப்புற விழுந்தான். கழுத்தெலும்பில் அடி. உயிர் தப்பியது, வாய் தப்பியது, வலது கையில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் கொஞ்சம் தப்பின. மற்றதெல்லாம் கட்டிலோடு சரி. "வாயி தப்பிச்சதுதான் உங்களுக்குப் பேஜாரு" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிக்காத நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வீடு திருவொற்றியூரில், கடலோரத்துக் குப்பத்தில். அலை உள்ளே வராமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அதற்குப் பின்னால் இரண்டாவது வரிசை. அம்மா விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, மார்க்கெட் தெருவில் உட்கார்ந்து விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். நான் காலை ரயிலைப் பிடித்து ராயபுரம் போவேன். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்யும் ஆபீசில் வேலை. பக்கத்து வீட்டு அக்கா நடுவில் எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள். மற்ற நேரம் அவன் தனியாகத்தான் இருப்பான். போனைக் கட்டில் கம்பியில் மாட்டி, அம்மா படத்தைத் தொட்டால் அம்மாவுக்குப் போகிற மாதிரியும் என் படத்தைத் தொட்டால் எனக்கு வருகிற மாதிரியும் செய்து வைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி அடிபட்டவர்களுக்கு உடம்பு வியர்க்காது. நமக்கு வெயில் என்றால் வியர்வை வந்து சூடு இறங்கும். அவனுக்குச் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும், காய்ச்சல் மாதிரி. அதே நேரத்தில் காற்று முகத்திலேயே அடித்தால் சளி பிடிக்கும், பிடித்த சளியை இருமித் துப்ப அவனால் முடியாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஆக, ஃபேன் அவனுக்கு வேண்டும்போது ஓட வேண்டும், வேண்டாதபோது குறைய வேண்டும். அந்த முடிவை எடுக்க உலகத்திலேயே தகுதியான ஆள் அவன் ஒருவன்தான்.

அதற்காகத்தான் அந்த ரிமோட். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய புதிதில் நான் வாங்கிக் கொடுத்தது. வீட்டு ஹாலிலேயே தியேட்டர் வைத்துப் படம் பார்க்கிற பணக்காரர்களுக்காகச் செய்த பொருள். டிவி, ஃபேன், லைட் என்று எல்லா ரிமோட்டும் செய்கிற வேலையை அது ஒன்றே செய்யும். இன்னொரு ரிமோட்டை அதன் மூக்குக்கு எதிரே வைத்து அமுக்கிக் காட்டினால் அப்படியே கற்றுக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடித் திரை. பெரிய பெரிய கட்டங்கள். அமுக்கவே வேண்டாம், கட்டைவிரலை மேலே வைத்தால் போதும். தம்பி அதைக் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஒரு கட்டத்தைத் தொட்டால் டிவி அணைந்து, லைட் அணைந்து, ஃபேன் குறையும். அதற்குத் 'தூக்கம்' என்று பெயர் வைத்திருந்தான். அம்மாவின் சீரியல் நேரத்தில் டிவி சத்தத்தை மட்டும் குறைக்க ஒரு ரகசியக் கட்டம் இருந்தது. அம்மா பல மாதங்கள் டிவியில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

போன கோடையில் பழைய ஃபேன் புகைந்து நின்றது. உப்புக் காற்றில் எந்தச் சாமானும் ரொம்ப நாள் தாங்காது. ரிமோட்டோடு வருகிற புது ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டினோம். அதோடு வந்த ரிமோட் சுண்டுவிரல் நீளம், பட்டன்கள் பயறு அளவு, அதுவும் கல் மாதிரி. தம்பியின் விரலுக்கு அது அசைந்தே கொடுக்கவில்லை. சரி, நம்ம பெரிய ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுப்போம் என்று எதிரெதிரே வைத்து அமுக்கினால், கற்க முடியவில்லை என்று திரையில் வருகிறது. திரும்பத் திரும்ப அதே பதில். நான் அதை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"யக்கா, அத்த அடிக்காத. அதுக்கு இன்னா தெரியும்" என்றான் தம்பி.

டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்தோம், சளி பிடித்தது. என் ஆபீஸ் தோழி சொன்னாள் என்று, பேசினால் கேட்கிற ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தேன். தம்பி அதனிடம், "காத்து கம்மியா கீது, கொஞ்சம் ஏத்து" என்றான். அது ஒரு பக்திப் பாட்டைப் போட்டது. "நான் காத்து கேட்டா இது பாட்டு பாடுது" என்று அவன் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அந்த ஃபேனிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகச் சுற்றாது. ரிமோட்டை அமுக்கினால்தான் சுற்றும். கத்திரி வெயில் நாளொன்றில் கரண்ட் போய் வந்திருக்கிறது. ஃபேன் நின்றது நின்றபடி. தம்பி அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான், வியாபார நெரிசலில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குப் போட்டிருக்கிறான், நான் மேலதிகாரி அறையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்தபோது அவன் முகம் ரத்தச் சிவப்பாக இருந்ததாம், கூப்பிட்டால் கண் திறக்கவில்லையாம். ஈரத்துணி போட்டு, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வராந்தாவில் மீன் வாடையோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முடிவைச் சொன்னாள். "மாத்தூர்ல தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிடலாம். அவ நாள் பூரா வூட்லதான் கீறா. அடுத்த வாரம் வண்டி அனுப்புறேன்னு சொல்லிட்டா."

சித்தி தங்கமானவள். அவள் வீட்டில் தம்பிக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அது மாடி வீடு, ஒருமுறை மேலே ஏற்றினால் திரும்ப இறக்குவது யார்? இங்கே என்றால் சாயங்காலம் நாங்கள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள, அந்தக் கருங்கல் கரை வரைக்கும் போவான். படகுக்காரர்கள் வந்து நின்று பேசுவார்கள். இன்றைக்கும் சில டிரைவர்கள் கடலுக்குப் போகுமுன் இவனிடம்தான் வந்து, நீரோட்டம் இப்படிக் கீதே, எங்கே போடலாம் என்று கேட்கிறார்கள். மாத்தூரில் யார் வந்து கேட்பார்கள்?

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சமையலுக்குப் போன பிறகு, "நான் இன்னா சாமானாக்கா, ஏத்தி இறக்க?" என்றான். அவ்வளவுதான். அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு ரிமோட்டையும் ஃபேனோடு வந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏதோ ஒரு கருவியில் ஃபேன் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா மேட்டர்னா, இந்த ஃபேன் ரிமோட்டு பேசுற பேச்சு ரொம்ப நீளம். உங்க ரிமோட்டு பழசு, பாதி கேட்டுட்டுத் தூங்கிடுது. பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக்கம்மா."

"புதுசுல இந்த மாதிரி பெரிய கட்டம் வருமா? தொட்டா போதுமா?"

உதட்டைப் பிதுக்கினார். "வராது. இப்போ எல்லாம் மெலிசா, அழகா, சின்ன சின்ன பட்டனா வுடுறானுங்க. அப்போ ஒண்ணு பண்ணு. கம்பெனி சைட்ல இதுக்கு அப்டேட் கீதான்னு பாரு. இருந்தா போடு. நல்லா முழுசா கேக்க ஆரம்பிச்சிடும்" என்று சொல்லி, பழைய வயர் குவியலில் தேடி அதற்குப் பொருந்துகிற கேபிள் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

கம்பெனியின் சைட்டில் எங்கள் ரிமோட் இல்லவே இல்லை. புது மாடல்கள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. உதவிக்கு என்று ஒரு பேச்சுப் பெட்டி இருந்தது. என்ன கேட்டாலும், தங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. எனக்கு எங்கே பொறுமை இருந்தது, இவர்கள் நன்றி சொல்ல? உங்கள் பொருளை நம்பி ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னது. கல்லில் நார் உரிக்கிற கதைதான். விடவில்லை. கடைசியில் எங்கோ ஒரு மூலையில், விற்பனை நிறுத்தப்பட்ட பொருள்களுக்கான பக்கம் என்று ஒன்று கிடைத்தது. அதில் எங்கள் ரிமோட்டின் படம், அதற்குக் கீழே ஓர் அப்டேட். இந்த மாடலுக்கு இதுவே கடைசி என்று போட்டிருந்தது. நான் ஆபீஸ் என்பதையும் மறந்து மேசையைத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

கீழே ஒரு எச்சரிக்கையும் இருந்தது. அப்டேட் போட்டால், இதுவரை கற்றுக்கொடுத்ததெல்லாம் அழிந்துபோகும்.

இதைச் சொன்னதும் தம்பி, "வாணாம்" என்றான்.

எங்கள் குப்பத்தில் அப்டேட் என்ற வார்த்தைக்கு நல்ல பெயர் கிடையாது. படகில் இடம் காட்டும் மிஷின் ஒன்று இருக்கும். எங்கே மீன் நிறையப் படும், எங்கே கடலுக்கடியில் பாறை இருக்கிறது, வலை கிழியும் என்பதெல்லாம் அதில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருப்பார்கள். பாயிண்ட் என்போம். ஒரு டிரைவரின் சொத்தே அதுதான். தம்பி ஓட்டிய படகின் மிஷினுக்கு ஒருமுறை யாரோ அப்டேட் போட்டு, அத்தனை பாயிண்டும் துடைத்தது போலப் போய்விட்டன. அடுத்த முறை கடலுக்குப் போனபோது பாறை மேலேயே வலையைப் போட்டுக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து குப்பத்தில் யாரும் எதற்கும் அப்டேட் போட மாட்டார்கள். அம்மாவின் போன் தினமும் கெஞ்சும், 'அப்புறம்' என்பதை அமுக்கிவிட்டு அம்மா தன் வேலையைப் பார்ப்பாள்.

"அந்த பாயிண்டெல்லாம் அப்பால இன்னாடா பண்ண?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது. ஒவ்வொண்ணா திரும்பப் புடிச்சேன். மனசுலதான் இருந்துச்சே."

"இதுவும் மனசுலதானே கீது?"

அவன் கட்டைவிரலால் ரிமோட்டைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாயிண்டு போனா திரும்பப் புடிக்கலாம்டா. நீ மாத்தூர் போனா உன்ன எப்படிடா புடிக்கிறது?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "குந்து. நான் ஒப்பிக்கிறேன், சரியா சொல்றேனான்னு பாரு" என்றான். ரிமோட்டை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு கட்டமாகச் சொன்னான். எதைத் தொட்டால் எது, எதற்குப் பின் எது என்று ஒன்று தப்பவில்லை. ரகசியக் கட்டம் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினான், அம்மா அடுப்படியில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிமோட்டைத் திருப்பிக் கேபிள் சொருகும் ஓட்டையைத் தேடினேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெள்ளையாக ஏதோ இருந்தது. நகத்தால் கீறினேன். பாறை.

"இது இன்னாது?"

அம்மா கதவருகே நின்றுகொண்டு, "ரெசினு" என்றாள்.

ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற பசைதான் ரெசின். கெட்டியானால் கடலே வந்து மோதினாலும் அசையாது. ரிமோட் வீட்டுக்கு வந்த புதிதிலேயே, பென்சில் செல்லில் ஓடுகிற சாமானுக்கு இந்த ஓட்டை எதற்கு, உப்புக் காற்றுதானே ஏறும் என்று நினைத்து, அம்மா அதைக் கரைக்கு எடுத்துப் போய் அடைத்து வாங்கி வந்திருக்கிறாள். படகுச் சாமான் எது வந்தாலும் முதலில் ஓட்டையை அடைப்பது எங்கள் ஜனத்துக்குக் கூடப் பிறந்த பழக்கம். அதற்காக ரிமோட்டையுமா?

நான் ஆடிய ஆட்டம் தெருவுக்கே கேட்டிருக்கும். "உன்ன யாரும்மா அடைக்கச் சொன்னது? எல்லாத்தியும் கெடுத்து வெச்சிட்டியே! நாளைக்கு வண்டி வந்துடும், நீயே தூக்கி ஏத்து உன் புள்ளைய!"

அம்மா என்ன இளைத்தவளா? "இன்னாடி குதிக்கிற? ஆசையா வாங்கினு வந்தியே, கெட்டுப் போவக் கூடாதேன்னு அடைச்சேன். டிவி போச்சு, ஃபேன் போச்சு, உன் ரிமோட்டு போச்சா? சொல்லு, போச்சா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள், கையோடு தம்பியின் தோஸ்தையும் இழுத்துக்கொண்டு. இருவரும் ஒரே படகில் போனவர்கள். இப்போது அவன் கரையில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் வரிசை கட்டி நிற்க, முழங்கை வரை வெள்ளைத் தூளோடு அப்படியே வந்திருந்தான். அடைத்ததும் அவன்தான்.

ரிமோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தினி வருசமா ஓட்டைய அட அடன்னுதான் வருவாங்க. அடைச்ச ஓட்டைய தொறன்னு கேக்குற மொத வூடு இதுதான்" என்றான்.

"மச்சி, உள்ள போயிடாத. பாத்து" என்றான் தம்பி.

"நீ மூடு. படகுல ரெசினு சுரண்டுற கையி இது, எனக்குத் தெரியும்."

மெல்லிய உளியால் ஓரத்திலிருந்து துளித்துளியாக எடுத்தான். ஊதினான். மறுபடி எடுத்தான். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். "அக்கா, நீ கொஞ்சம் அப்பால போய் நில்லு. எனக்குக் கையி ஆடுது" என்றதும் வாசலுக்குப் போய் நின்றேன். கடைசித் துண்டு பொக்கென்று பெயர்ந்து விழுந்த சத்தம் அங்கேயே கேட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தோம். எங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு இரும்பும் துருப்பிடித்திருக்கிறது, கதவுத் தாழ்ப்பாள் முதல் கட்டில் கால் வரை. அந்த ஓட்டைக்குள் இருந்த தகடு மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலப் பளபளவென்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கேபிளைச் சொருகினேன். லேப்டாப் அதை அடையாளம் கண்டுகொண்டது. தம்பி கண்ணால் ஜாடை காட்டினான், அமுக்கினேன். பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால்வாசி தாண்டி ஓர் இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். ரிமோட்டின் திரை கறுப்பாக இருந்தது. அம்மா சாமி படத்துப் பக்கம் திரும்பிவிட்டாள். "செத்துப்போச்சுடா. புடுங்கி மறுபடி போடுறேன்" என்று கேபிளில் கையை வைத்தேன்.

"கைய எடு!"

தம்பி அப்படிக் கத்தி நான் வருஷக் கணக்கில் கேட்டதில்லை. படகில் ஆட்களுக்கு உத்தரவு போடுகிற குரல் அது. தோஸ்து சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வலை அடியில மாட்டிகினா இன்னா பண்ணுவோம்?" என்று அவனைப் பார்த்துக் கேட்டான் தம்பி.

"இஞ்சினக் கொறச்சிட்டு நிப்போம்."

"வலைய புடிச்சி இஸ்தா?"

"கிழிஞ்சிடும்."

"கேட்டுகினியாக்கா? நில்லு. நீரோட்டம் மாறும், அதுவா வுடும். பதறாத."

பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை நான் தினமும் படித்தவள்தான். படித்து என்ன. என் கையை நானே தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. தோஸ்து ஏதோ படகு பற்றிப் பேச்செடுத்தான், தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. பிறகு அந்தக் கோடு, ஒன்றுமே நடக்காதது போல, மெதுவாக நகர்ந்தது. முடிந்தது. ரிமோட் கண்ணைத் திறந்தது.

எச்சரித்தபடியே எல்லாம் அழிந்திருந்தது. ஒரு கட்டம்கூட இல்லை, வெறும் திரை. முதலில் ஃபேன் ரிமோட்டை எதிரே வைத்து அமுக்கினேன். ஒரு நொடி யோசித்தது. கற்றுக்கொண்டேன் என்றது. தம்பியின் விரலுக்கடியில் ரிமோட்டை வைத்தேன். அவன் தொட்டான். மேலே ஃபேன் அசைந்து, தயங்கி, சுற்ற ஆரம்பித்தது. காற்று எங்கள் நாலு பேர் மேலும் விழுந்தது. தோஸ்து விசில் அடித்தான். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள், "உடு, உடு, கையெல்லாம் மீனு" என்று சொல்லிக்கொண்டே என்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் மற்றதையும் அவன் மனதிலிருந்தே சொல்லச் சொல்லப் போட்டு முடித்தோம்.

"வண்டி நாளைக்குச் சாயங்காலம் வருது. வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா படுத்தாள். அவள் இன்னும் நம்பவில்லை. மிஷினை எந்தத் தாய் ஒரே நாளில் நம்புவாள்? விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவளை, "போம்மா, மீனு வித்துத் தீந்துடும்" என்று தம்பிதான் அனுப்பினான்.

நான் ஆபீசில் உட்கார்ந்து போனை மேசைமேல் மல்லாக்க வைத்திருந்தேன். வேலை ஓடவில்லை. நல்ல வெயில் ஏறிய நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"உனக்குப் போன் பண்ணானா?"

"இல்லியே. உனக்கு?"

"பண்ணவே இல்லடி. இங்க கரண்ட் போயிட்டு இப்போதான் வந்துச்சு. நான் போட்டாலும் எடுக்கல. நான் வூட்டுக்குப் போய்க்கினு கீறேன்."

யாரிடமும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரயிலுக்குக் காத்திருக்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள், நகர மாட்டேன் என்று நிற்கின்றன. சந்துகளில் புகுந்து போகச் சொல்லி ஆட்டோக்காரரைப் படாத பாடு படுத்தினேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எல்லாம் என்னால்தான், அந்த வண்டியை முன்னாடியே வரவிட்டிருக்க வேண்டும் என்று என்னை நானே திட்டிக்கொண்டு தெருவுக்குள் இறங்கி ஓடினேன்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கைகளில் மீன் செதில் அப்படியே இருந்தது. உள்ளே போகவில்லை. அவள் உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினாள்.

லைட் அணைந்திருந்தது. டிவி அணைந்திருந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

அவன் கண் விழித்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா ரெண்டு பேரும் இந்நேரத்துக்கு? யாருனா செத்துட்டாங்களா?"

"கரண்ட் போச்சேடா! ஏன்டா போன் பண்ணல?" என்று அம்மா கத்தினாள்.

"போச்சு, வந்துச்சு, போட்டுகினேன். அப்பால தூக்கம் வந்துச்சு, கொறச்சுகினேன்." அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எதுக்கும்மா போன் பண்ணணும்?"

அம்மா மடியிலிருந்து போனை எடுத்து, செதில் ஒட்டிய விரலாலேயே சித்திக்குப் போட்டாள்.

"வண்டி வாணாம்டி. ஆமா, வாணாம். அவன் என்னியக் கூப்புடவே இல்லடி, காத்தாலேர்ந்து ஒரு தபாகூடக் கூப்புடல" என்று சொல்லும்போதே குரல் உடைந்து, தெருவே கேட்க அழ ஆரம்பித்தாள். மறுமுனையில் சித்தி பயந்துபோய், இன்னாச்சுக்கா, இன்னாச்சுக்கா என்று கத்துவது எனக்கே கேட்டது.

"ஒண்ணும் ஆவலடி" என்றாள் அம்மா, அழுகையும் சிரிப்புமாக. "ஒண்ணுமே ஆவல."